தாத்தா காட்டிய கால்வாய்

டெலானிபூரில் வளரும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் சமூக அறிவியல் குறிப்பேட்டில் சீனாவின் சூசோ நகரப் படம் ஒன்றை ஒட்டியிருந்தாள். வீடுகளின் வாசற்படியைத் தொட்டவாறு கால்வாய். அதன்மேல் வில்போல் வளைந்த கற்பாலம். பாலத்தின் அடியில் ஒரு படகு. பெய்ஜிங்கையும் ஹாங்சோவையும் இணைக்கும் பெருங்கால்வாய் அந்நகரின் வழியே செல்கிறது. 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அக்கால்வாயை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

ஞாயிறுதோறும் மரக்காணத்திலிருந்து தாத்தா தொலைபேசியில் அழைப்பார். அவள் அதிகம் பேசமாட்டாள். பள்ளியிலும் தெருவிலும் இந்தி பேசிப் பழகியவளுக்குத் தமிழ்ச் சொற்கள் உடனே வாயில் வாரா. “அச்சா தாத்தா” என்று கூறித் தந்தையிடம் கொடுத்துவிடுவாள். தாத்தாவுக்கோ இந்தி தெரியாது. அன்று மட்டும், தட்டுத் தடுமாறி, அந்தப் படத்தைப் பற்றிக் கூறினாள்.

“நம் ஊரிலும் கால்வாய் உண்டு, கண்ணு. அதில் நான் படகு இழுத்திருக்கிறேன். விடுமுறைக்கு வா, காட்டுகிறேன்” என்றார் தாத்தா.

தந்தை தச்சுத் தொழிலாளி. பயணச்சீட்டுக்குப் பணம் சேர நாளாகும். முன்பு ஊர் சென்றுவந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வாண்டு டிசம்பரில் மூவரும் கப்பலேறினர். போக மூன்று நாள், வர மூன்று நாள். பத்து நாள் விடுமுறையில் ஊரில் தங்க நான்கு நாளே எஞ்சின.

அவற்றுள் ஒரு நாள் தாத்தாவும் அவர்களும் பேருந்தில் மாமல்லபுரம் சென்றனர். ஐந்து இரதங்களையும் அருச்சுனன் தபசுப் பாறையையும் கடற்கரைக் கோயிலையும் கண்டனர். கடற்கரைக் கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் இராசசிம்மன் 720ஆம் ஆண்டில் சீனப் பேரரசருக்குத் தூது அனுப்பினான் என்று தந்தை கூறியபோது, அவள் தன் குறிப்பேட்டுப் படத்தை நினைத்துக்கொண்டாள்.

மாலையில் தாத்தா அவர்களைத் திருக்கழுக்குன்றம் செல்லும் சாலைக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்த பாலத்தின் நடுவே நின்று, “இதுதான்” என்றார்.

அவள் எட்டிப் பார்த்தாள். நீர் இருந்தது, ஓட்டம் இல்லை. கரைகளில் முட்புதர் மண்டியிருந்தது. நெகிழிப் பைகள் சேற்றில் கிடந்தன. ஒரு கொக்கு நின்றது. படகு ஒன்றுகூட இல்லை.

“இதுவா?” என்றாள். குரலில் இருந்த ஏமாற்றத்தை அவளால் மறைக்க இயலவில்லை. தாத்தா சற்று நேரம் பேசவில்லை. தந்தை தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு தாத்தா மெல்லச் சொல்லத் தொடங்கினார். இது பக்கிங்காம் கால்வாய். 1806ஆம் ஆண்டளவில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே முதலில் வெட்டப்பட்டது. பின்னர் வடக்கே ஆந்திரத்திலும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 163 கிலோமீட்டர். தாது வருடப் பஞ்சத்தின்போது, பசித்த மக்கள் கூலிக்காக மண் சுமந்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைத் தோண்டினர். அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது.

“மரக்காணத்து உப்பளங்களிலிருந்து என் அப்பா படகில் உப்பு ஏற்றிச் சென்னைக்குப் போவார். காற்று இருந்தால் பாய் விரிப்போம். இல்லாவிட்டால் கயிற்றைத் தோளில் போட்டுக் கரையோடு நடந்து இழுப்போம். உன் வயதில் நானும் இழுத்தேன்” என்றார்.

அவள் அவருடைய தோளைப் பார்த்தாள்.

“பாவேந்தர் பாரதிதாசனும் சென்னையிலிருந்து இவ்வழியே படகில் மாமல்லபுரம் வந்தார். ‘மாவலிபுரச் செலவு’ என்று கவிதை எழுதினார் என்பார் எங்கள் வாத்தியார்.”

“செலவா? எவ்வளவு பணம் செலவாயிற்று?” என்று அவள் கேட்டாள். அனைவரும் சிரித்தனர். “பழந்தமிழில் செலவு என்றால் பயணம்” என்று தாத்தா விளக்கினார். “எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்” என்றார் தந்தை. தாத்தா அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

“படகுகள் ஏன் நின்றன, தாத்தா?”

“1965, 1966ஆம் ஆண்டுகளில் வந்த புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. சரக்கெல்லாம் லாரிக்கு மாறிற்று. போக்குவரத்து நின்றால் எந்த வழியும் தூர்ந்துபோகும், கண்ணு.”

டெலானிபூரில் டிசம்பர் மாதத்தில் ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும். இங்கோ அந்நேரத்திலும் நீரின்மேல் வெயில் மின்னியது. தந்தை பாலத்தின்மேல் தாத்தாவை நிற்கவைத்துக் கைப்பேசியில் படம் எடுத்தார்.

ஊர் திரும்பியதும், சூசோ நகரப் படத்திற்கு எதிர்ப்பக்கத்தில் அவள் அந்தப் படத்தை ஒட்டினாள். அதன்கீழ், “என் தாத்தா படகு இழுத்த கால்வாய்” என்று தமிழில் எழுதினாள். ‘ழு’ ஒருமுறை தவறாக வந்தது, அழித்துத் திருத்தினாள்.

அடுத்த ஞாயிறன்று தொலைபேசி ஒலித்தபோது அவளே முதலில் ஓடி எடுத்தாள். “தாத்தா, சாப்பிட்டீர்களா?” என்று கேட்டாள். அடுத்த சொல்லுக்காகச் சற்றுத் திணறினாள். தாத்தா காத்திருந்தார். அவள் தந்தையிடம் தொலைபேசியைக் கொடுக்கவில்லை.

சொல்லும் பொருளும்
வாரா – வரமாட்டா
செலவு – பயணம் (பழைய பொருள்)
உப்பளம் – உப்பு விளைவிக்கும் இடம்
தூர்தல் – மண் நிறைந்து அடைபடுதல்

சிந்தித்து எழுதுக
1. சிறுமி “இதுவா?” என்று கேட்டபோது தந்தை ஏன் தலைகுனிந்தார்?
2. “போக்குவரத்து நின்றால் எந்த வழியும் தூர்ந்துபோகும்” – இது கால்வாய்க்கு மட்டுமா பொருந்தும்?
3. உங்கள் தாத்தா அல்லது பாட்டி சிறுவயதில் செய்த வேலையைக் கேட்டு, ஐந்து வரிகள் எழுதுக.