யட்டவத்தயில் மூன்று பற்றரிகள்

மாத்தளையில் பத்திரிகை விநியோகிக்கும் முகவர் ஒருவர் எனக்கு நீண்டகால நண்பர். என்னிலும் ஏழெட்டு வயது மூத்தவர். கொழும்பிலிருந்து இரவோடிரவாக வந்துசேரும் கட்டுகளை விடியற்காலை நாலரைக்குப் பொறுப்பேற்று, தமது ஊரான யட்டவத்தப் பக்கத்துக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் சேர்ப்பது அவர் தொழில். செய்தி எழுதும் எங்கள் பெயர் அச்சிலே வருகிறது. அதை வாசகரின் வாசலில் வைப்பவரின் பெயர் எந்தப் பக்கத்திலும் வருவதில்லை.

அவருடைய மோட்டார் சைக்கிள் எண்பதுகளில் ஜப்பானில் தயாரானது. பதினான்கு மாத இடைவெளிக்குள் அதற்கு மூன்று பற்றரிகள் மாற்றினார். முதல் இரண்டு மாதங்கள் ஹெட்லைட் பளிச்சென்று எரியும், பிறகு மஞ்சளாகும், பின்னர் வளைவில் வேகத்தைக் குறைத்தால் தணல்போல மங்கும். அந்த வண்டியில் தீப்பொறிக்கும் பற்றரியிலிருந்தே மின்சாரம் செல்வதால், பற்றரி செத்தால் இயந்திரமும் நின்றுவிடும். ஒக்டோபர் மழையில், இருட்டில், பத்திரிகைக் கட்டோடு அந்த மலைப் பாதையில் அவர் இரண்டு தடவை நின்றிருக்கிறார். ஒருமுறை பின்னால் வந்த லொறிக்காரர் கடைசி நொடியில்தான் அவரைக் கண்டாராம்.

புது வண்டி வாங்கலாமே என்று கேட்பது எளிது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடையில் பழைய வண்டிகளின் விலையே எட்டாத உயரத்துக்குப் போயிற்று. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் 'தி ஐலண்ட்', 'திவயின' ஆகியவற்றின் சனிக்கிழமை அச்சுப் பதிப்புகளே நின்றன. அதே ஆண்டு ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல். இத்தனையையும் தாண்டி வந்த மனிதரை ஒரு பற்றரி வீழ்த்துவதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்டிமீற்றரோடு அவர் வீட்டுக்குப் போனேன். (கலைப் பட்டதாரிக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள், தொண்ணூறுகளில் பிரதேச நிருபராக இருந்து பார்க்கவேண்டும்.)

"தம்பி, கடையில நாலாவது பற்றரியும் போடச் சொல்றாங்க" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணே. அளந்து பார்ப்போம்."

12 வோல்ட் பற்றரி முழுதாக நிறைந்து ஓய்விலிருந்தால் 12.6க்கு மேல் காட்டவேண்டும், காட்டியது 12.2. அது பற்றரியின் குற்றம் என்று அங்கேயே தீர்ப்பெழுதுவதுதான் வழக்கம். ஆனால் இயந்திரத்தை இயக்கி முறுக்கிப் பிடித்தபோதும் முள் 12.6க்கு மேல் ஏறவில்லை. நல்ல வண்டியில் அது ஏறக்குறைய 14 வரை ஏறியாக வேண்டும். பற்றரி குற்றவாளியல்ல, பட்டினி கிடப்பவர் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஈய அமிலப் பற்றரியை நிறைவாக ஏற்றாமல் நாட்கணக்கில் வைத்திருந்தால் தகடுகளில் சல்பேற்று இறுகிவிடும்; பிறகு அது மீள்வது கடினம். மூன்றும் போனது அப்படித்தான்.

மின்சாரம் பிறப்பது இயந்திரத்தோடு சுழலும் காந்தத்துக்குள் இருக்கும் கொயிலில். அதன் வயர்களைக் கழற்றி அளந்தேன். முறுக்க முறுக்க மாறுமின்னழுத்தம் ஒழுங்காக ஏறியது. இயந்திரத்தை நிறுத்திப் பார்த்ததில், வண்டியின் உடலோடு எந்தத் தொடர்பும் இல்லை. கொயில் சுகம்.

அடுத்தது ரெகுலேற்றர். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி, மிஞ்சியதைத் தன் உடல்வழியே தரைக்குத் தள்ளி வெப்பமாக்குவது அதன் வேலை. அதன் வெளிவரும் வயருக்கும் அதன் உடலுக்கும் இடையே அளந்தால் 14.3 வோல்ட்! அங்கே 14.3, ஒரு முழம் தள்ளிப் பற்றரியில் 12.6. இடையில் எவரோ 1.7 வோல்ட்டைத் தின்றுகொண்டிருந்தார். நேர் வயரில் இழப்பு 0.1 தான். மீற்றரின் ஒரு முனையை ரெகுலேற்றரின் உடலிலும் மறுமுனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் வைத்தபோது 1.6. இயந்திரம் ஓடும்போது அங்கே கிட்டத்தட்டப் பூச்சியமே இருக்கவேண்டும்.

"அண்ணே, வண்டிக்குப் பெயின்ற் அடிச்சீங்களா?"

அடித்திருந்தார். சித்திரைப் புத்தாண்டுக்கு முன், சட்டம் முழுவதற்கும் அழகான கறுப்பு. ரெகுலேற்றரை அந்தப் புதுப் பூச்சின் மேலேயே வைத்து முடுக்கியிருந்தார்கள். பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. ஆணியின் புரியோரம் கிடைத்த சிறு தொடுகையால்தான் வண்டி இத்தனை நாளும் ஓடியிருக்கிறது. ரெகுலேற்றரோ தன் உடலிலேயே அழுத்தத்தை அளப்பதால், எல்லாம் நிறைந்துவிட்டதென்று நம்பிக் கையை மடக்கிக்கொண்டது.

உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்தோம். போதாதென்று அதன் உடலிலிருந்து பற்றரியின் எதிர்முனைக்குத் தனியாக ஒரு தடித்த வயரும் இழுத்தோம். மறுபடி முறுக்கினேன்: ஹெட்லைட் எரியும்போதே 14.1. யாரோ போட்டிருந்த 60 வாற்று பல்பையும் கழற்றி, வண்டிக்குரிய 35 வாற்று பல்பைப் போடச் சொன்னேன். அதற்கு அவருக்கு மனமில்லை, வெளிச்சம் குறையுமாம். மூன்றாவது பற்றரியை இரவு முழுதும் மெதுவாக ஏற்றிப் பார்த்ததில் அது பிழைத்துக்கொண்டது.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, ஓடும் இயந்திரத்தில் பற்றரி வயரைக் கழற்றிக் காட்டும் பாஸ்மார் நம் கராஜ்களில் இன்னும் இருக்கிறார்கள். பற்றரி விலகியவுடன் மின்னழுத்தம் துள்ளி, ரெகுலேற்றரையும் பல்புகளையும் ஒரே நொடியில் எரித்துவிடலாம். உங்கள் வண்டியில் எவரும் அதற்குக் கைவைத்தால் தடுத்துவிடுங்கள். சாதாரண மீற்றர் ஒன்று, ஒரு பற்றரியின் விலையில் சிறு பகுதிதான்.