படத்தில் விழாத முகம்

நம் மேசைமீது ஐந்து புகைப்படங்கள் பரப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. ஐந்தும் கறுப்பு வெள்ளைப் படங்கள். ஓரங்களில் மஞ்சள் படர்ந்தவை. 1993-ஆம் ஆண்டு தை மாதத்தில், தோளில் ஒரு பழைய காமிராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, அரியலூர், பெரம்பலூர் வட்டாரங்களில் நான்கு நாள் சுற்றித் திரிந்தபோது நாம் எடுத்தவை அவை. அக்காலத்தில் இரண்டு ஊர்களும் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமாயிற்று. அரியலூரோ 2001-இல் பிரிந்து, மறுஆண்டே மீண்டும் இணைந்து, 2007-இல் இரண்டாம் முறையாகப் பிரிந்தது. கூட்டுக்குடும்பத்துப் பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்வரும் கதைதான்!

சென்ற தை மாதத்தில் அந்த ஐந்து படங்களையும் ஓர் உறையில் இட்டு எடுத்துக்கொண்டு, அதே ஊர்களுக்கு மீண்டும் சென்றோம். உடன் வந்த நண்பர், “பார்த்த இடங்களையே ஏன் பார்க்க வேண்டும்?” என்று கேட்டார். தீர்க்கப்படாத கடன் ஒன்று அங்கே இருந்தது. அதனை உரிய இடத்தில் சொல்லுவோம்.

தமிழர் இக்கலைக்கு இட்ட பெயர்களை நினைக்கும்போதெல்லாம் நமக்கு வியப்பாக இருக்கும். புகைப்படம் என்றனர், நிழற்படம் என்றும் கூறினர். புகையும் நிழலும் கைக்கு அகப்படாதவை; கணத்தில் கலைபவை. நிலைத்து நிற்பதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருளுக்கு, நிலையாமையின் பெயர்களையே நம் மொழி தேடிக் கொடுத்திருக்கிறது.

தஞ்சையிலிருந்து திருவையாறு வழியாகச் சென்று, கொள்ளிடத்தைக் கடந்தால் அரியலூர் மாவட்டம். ஆற்றின் வடபுறத்தில் ஏலாக்குறிச்சி. இத்தாலி நாட்டில் 1680-இல் பிறந்து, தமிழகம் வந்து, தமிழையே தம் உயிர்மூச்சாக்கிக்கொண்ட வீரமாமுனிவர், திருக்காவலூர் என்று பெயரிட்டுப் பாடிய ஊர் இது. தேம்பாவணி தந்த அப்பெருமகனாரின் காலத்தில் காமிரா இல்லை. அடைக்கல அன்னையை அவர் சொற்களால் மட்டுமே வரைந்து வைத்தார். நம்முடைய முதற்படம் இங்கே எடுத்தது. ஆனால் அதில் ஆலயம் தெரியவில்லை. ஆலயத்தின் நிழல் தெரிகிறது. அந்நிழலில் அமர்ந்து, தூக்குவாளியிலிருந்து மூடியில் நீராகாரம் ஊற்றி, மகனுக்கு ஊட்டும் ஒரு தாய் தெரிகிறாள். அவள் எவ்வூராளோ, என்ன வேண்டுதலுக்காக வந்தாளோ, நாம் கேட்கவில்லை. இம்முறை அதே இடத்தில் நின்று பார்த்தோம். நிழல் அதே நேரத்தில் அதே பக்கத்தில் விழுந்தது. அதில் வேறு குடும்பம் ஒன்று இருந்து சோறு உண்டது.

அங்கிருந்து அரியலூர் செல்லும் வழியில் கரைவெட்டி ஏரி. புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வரும் காவிரி நீர் இதில் தங்குகிறது. நாம் முதலில் சென்றபோது அது பாசனத்துக்கான ஏரி மட்டுமே. 1999-இல் அதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தனர். 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் அது இடம் பெற்றது. இமயமலைக்கு மேலே பறந்து வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் இங்கே இறங்குகின்றன. தலையின் பின்புறத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள் கொண்ட அந்த வாத்துகளைப் படம்பிடிக்க அதிகாலை முதல் கரையில் காத்திருந்தோம். கிடைத்தது என்ன? வெள்ளி நீரும், அதன்மேல் தேய்த்து அழித்தாற்போன்ற சில சாம்பல் கீற்றுகளும்! பறவைகள் எழும்பிய கணத்தில் நாம் விசையை அழுத்திவிட்டோம்.

இப்படத்தைப் பார்க்கும்போது பாரிசு மாநகரத்துப் படம் ஒன்று நினைவுக்கு வரும். 1838-இல் தாகெர் என்பவர் தம் மாடிச் சன்னலிலிருந்து தெருவொன்றைப் படமெடுத்தார். வண்டிகளும் மனிதரும் நிறைந்த வீதி அது. ஆயினும் படத்தில் வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. அக்காலத் தகட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் ஆயின; ஓடியவை யாவும் சுவடின்றி மறைந்தன. ஓரத்தில் ஒருவர் மட்டும் தெளிவாகத் தெரிகிறார். காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ளக் காலைத் தூக்கி வைத்து அசையாமல் நின்றவர் அவர். அவருடைய காலடியில் குனிந்திருந்த தொழிலாளியின் உருவமும் மங்கலாக விழுந்திருக்கிறது. புகைப்படத்தில் முதன்முதல் பதிந்த மனித உருவங்கள் இவையே என்பர். அந்தப் பெருநகரின் செல்வரும் அதிகாரிகளும் விரைந்து சென்று மறைந்தனர். ஏவல் செய்து குனிந்திருந்தவனோ இன்றும் இருக்கிறான். எனினும் அவன் முகத்தை நாம் காண முடியாது.

மூன்றாவது படம் அரியலூரை அடுத்த மருதையாற்றில் எடுத்தது. வறண்ட மணல், மேய்ந்துகொண்டிருக்கும் வெள்ளாடுகள், பின்னால் இரயில் பாலம். இதைக் காண்பவர் எவரும், “நல்ல காட்சி” என்றே கூறுவர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் விடியற்காலையில், பெருமழையால் பொங்கிய இதே ஆறு பாலத்தைச் சிதைத்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு வண்டியின் எஞ்சினும் பல பெட்டிகளும் வெள்ளத்தில் வீழ்ந்தன. மாண்டவர் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர். இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாத்திரி, பொறுப்பைத் தம்மேல் ஏற்றுப் பதவி விலகினார். அரியலூர் இரண்டாம் முறையாகத் தனி மாவட்டமானதும் ஒரு நவம்பர் 23-ஆம் நாளில்தான்.

நம் படத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆடு இருக்கிறது, மணல் இருக்கிறது. காமிரா தன் எதிரே நிற்பதை மட்டுமே அறியும். அங்கே முன்பு நின்றவரை அறியாது. இம்முறை நாம் பாலத்தருகே நின்றபோது ஒரு வண்டி கடந்து சென்றது. சன்னலோரத்தில் ஒரு குழந்தை நமக்குக் கையசைத்தது. நாமும் கையசைத்தோம். படம் எடுக்கவில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கக்கூடும். அங்கும் சென்றோம். இராசேந்திர சோழனின் கோயிலை எடுத்த படங்கள் உலகெங்கும் கிடைக்கின்றன. நம்முடையது அவற்றின் மோசமான நகல். ஆதலால் விட்டுவிட்டோம்.

நான்காவது படத்தில் மரமொன்று படுத்திருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், கரட்டு நிலத்தின் நடுவே, 18 மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் கிடக்கும் கல்மரம் அது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த முனைவர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதனை உலகுக்கு அறிவித்தார். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பர். அன்று இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. ஆற்று வெள்ளம் அடித்துவந்த மரம் கடற்சேற்றில் புதைந்தது. நீரில் கரைந்திருந்த மணற்சத்து மரத்தின் நுண்ணறைகளில் சிறிது சிறிதாகப் புகுந்து படிந்தது. மரம் போயிற்று, மரத்தின் வடிவம் கல்லில் நின்றது. அதே கடலில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகளும் அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லில் கலந்து கிடக்கின்றன. அக்கல்லைத்தான் வெட்டி லாரிகளில் ஏற்றிச் சிமெண்டு ஆக்குகின்றனர். நம் வீட்டுச் சுவரிலும் அக்கடலின் ஒரு பிடி இருக்கக்கூடும்.

அந்தக் கல்மரத்தின் முன் நின்றபோது, இயற்கை தானே எடுத்த படம் இது என்று நமக்குத் தோன்றியது. சேறு இதற்கு இருட்டறை. நீர் இதற்கு மருந்து. காலம் மட்டும் சற்றுக் கூடுதலாக ஆயிற்று! ஆனால் இலை எங்கே? அதன் நிழல் எங்கே? வெயிலில் அதன் பிசின் எவ்வாறு மணத்தது? ஒன்றும் பதியவில்லை. எந்தப் படமும் சிலவற்றைக் காத்து, மற்றவற்றைக் கைவிடுகிறது. கல்மரத்தில் எதைக் காப்பது, எதை விடுவது என்பதை நீரும் மணலும் முடிவு செய்தன. அவற்றின்மீது குறை கூற இயலாது. நம் ஐந்தாவது படத்தில் அதனை முடிவு செய்தவர் நாம்.

அதில் இரண்டு கைகள் மட்டும் இருக்கின்றன.

செட்டிகுளத்தை அடுத்த சிற்றூர் அது. சின்ன வெங்காயம் அறுவடையாகி, வேப்பமரத்து நிழலில் மலைபோல் குவிக்கப்பட்டிருந்தது. பெண்கள் வரிசையாக அமர்ந்து, தாள் அரிந்து, காயைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தனர். ஓரத்தில் இருந்த ஓர் அம்மையாரின் கைகள் நம் கண்ணைப் பறித்தன. மண் ஏறிய நகங்கள். உள்நோக்கி வளைந்த இடக்கைச் சுண்டுவிரல். விரலிடுக்குகளில் செந்நிறச் சருகுகள். காமிராவைத் தூக்கினோம். அவர் அரிவதை நிறுத்தி, தலை நிமிர்ந்து, “ஐயா, எம் மூஞ்சி வுளுந்துச்சுங்களா?” என்றார். அக்கணத்தில் விசை அழுந்தியது. “விழுந்தது அம்மா, படத்தை அனுப்பி வைக்கிறோம்” என்றோம். பெயரையும் ஊரையும் சொன்னார், குறித்துக்கொண்டோம்.

வீடு திரும்பிப் பிலிமைக் கழுவியபோது கைகள் மிகத் தெளிவாக விழுந்திருந்தன. முகம் அசைந்து மங்கியிருந்தது. படம் கெடுகிறதே என்று, அச்சிடும்போது முகப்பகுதியை நீக்கிவிட்டோம். கைகள் மட்டும் நின்ற படம் அழகாக அமைந்தது. பார்த்தவர் எல்லாரும் பாராட்டினர். “உழைப்பின் இலக்கணம்” என்றுகூட ஒருவர் எழுதினார். நாமும் மகிழ்ந்திருந்தோம். முகமில்லாத படத்தை அவருக்கு எப்படி அனுப்புவது என்று தயங்கித் தயங்கி, ஆண்டுகள் முப்பதுக்கும் மேல் ஓடிவிட்டன. பொய் சொன்னோம் என்பதைத் தவிர வேறு பெயர் இதற்கு இல்லை.

ஊரை அடையாளம் காண முடிந்தது. ஆளை அறியத்தான் பாடுபட்டோம். பெயர் குறித்த தாள் எப்போதோ தொலைந்துவிட்டது. தேநீர்க் கடையில் படத்தை நீட்டி, “இவர் யாரென்று தெரியுமா?” என்று கேட்டால் மக்கள் என்ன செய்வர்? “கையைக் காட்டி ஆளைக் கேக்குறீங்களே!” என்று சிரித்தனர். இறுதியில் முதியவர் ஒருவர் அந்த வளைந்த சுண்டுவிரலை உற்றுப் பார்த்துவிட்டு, எழுந்து நம்மை ஒரு வீட்டுக்கு அழைத்துச் சென்றார்.

அந்த அம்மையார் இறந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகின்றன. மகள் இருந்தார், அவருக்கே தலை நரைத்திருந்தது. சுவரில் தந்தையின் படம் சட்டமிட்டு மாலையுடன் தொங்கியது. அதன் அருகே ஆணி ஒன்று மட்டும் இருந்தது. “எங்கம்மாவுக்குப் படமே கெடையாதுங்க ஐயா. எடுக்கணும் எடுக்கணும்னு இருந்தோம், அதுக்குள்ள போயிருச்சு” என்றார். நாம் தலைகுனிந்தவாறு உறையைப் பிரித்துப் படத்தைக் கொடுத்தோம். முகம் எங்கே என்று அவர் கேட்கவில்லை. தம் இடக்கையை அந்தக் கைகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, “பாப்பா, இங்க வா, ஆயா கை” என்று கூப்பிட்டார். கல்லூரியில் படிக்கும் பேத்தி வந்து, படத்தைத் தன் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டாள். அவளிடம் அப்படி ஆயிரக்கணக்கில் இருக்குமாம். “ஆயா எப்படி இருக்கும்?” என்று தாயிடம் கேட்டாள். தாயால் சொல்ல முடியவில்லை.

வீடு வந்ததும் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். பழைய பிலிம் சுருள்களைக் கத்தரித்து உறையில் இட்டு வைத்திருந்தோம். வெளிச்சத்தில் பிடித்துத் தேடியதில் அந்தச் சட்டம் அகப்பட்டது. நாம் அன்று நீக்கியது அச்சிட்ட தாளில்தான். நெகடிவில் முகம் அப்படியே இருந்தது. நிமிர்ந்து, வாய் சற்றே திறந்து, “வுளுந்துச்சுங்களா?” என்று கேட்ட அதே கணத்தில் அசைந்த முகம். கரைவெட்டிப் பறவைகளைப்போல் ஓரங்கள் கரைந்திருந்தன. ஆனால் நெற்றியும் மூக்குத்தியும் வெற்றிலைச் சிரிப்பும் தெரிந்தன.

நெகடிவ் அச்சிடுபவரைத் தேடிப் பிடிக்கவே இரண்டு வாரமாயிற்று. “இது மங்கல் படமாயிற்றே, சரிசெய்து தரட்டுமா?” என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றோம். முழுப் படத்தையும், ஓரம் ஒன்றையும் வெட்டாமல், பெரிதாக அச்சிட்டுப் பதிவு அஞ்சலில் அனுப்பினோம்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசி ஒலித்தது. மகளின் குரல்தான். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் பலர் பேசும் ஓசை கேட்டது; வீட்டுக்கு அண்டை அயலார் வந்திருந்தனர் போலும்.

“மங்கலாத்தான் இருக்குங்க ஐயா,” என்றார். “ஆனா எங்கம்மாதான். எதையோ கேக்குற மாதிரி இருக்கு. என்ன கேட்டுச்சுங்க?”

சொன்னோம்.