பத்து சீசன், பன்னிரண்டு அணி, அணிக்கு ஒரே ஒரு பெயர்!

பொங்கல் சமயத்தில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போனால் வழியெல்லாம் ஃப்ளெக்ஸ் பேனர் கண்ணில் படும். "மாபெரும் கபடி போட்டி", முதல் பரிசு இவ்வளவு, சுழற்கோப்பை உபயம் இன்னார். ராத்திரி மைக் செட் அலற, மண் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு விடிய விடிய ஆட்டம் நடக்கும். அந்தப் பையன்களிடம் உனக்குப் பிடித்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் பர்தீப் நர்வால் என்பான் ஒருவன், பவன் செராவத் என்பான் இன்னொருவன். இரண்டு பேருமே வடநாட்டுக்காரர்கள். இதற்குக் காரணம் ப்ரோ கபடி லீக்.

2014 ஜூலையில் எட்டு அணிகளோடு ஆரம்பித்த லீக் இது. 2017-இல் பன்னிரண்டு அணி ஆனது. 2024 மார்ச் 1-ஆம் தேதி ஹைதராபாத் இறுதிப் போட்டியோடு பத்து சீசன் முடிந்தது. ஒரு அணியின் பெயரைச் சொன்னதும் இந்தப் பத்து சீசனில் முதலில் ஞாபகத்துக்கு வர வேண்டிய ஆள் யார்? அணிக்கு ஒருவர்தான். ஏலத்தில் அதிக விலைக்குப் போனவர் என்பதெல்லாம் செல்லாது. காமர்ஸ் பாஷையில் சொன்னால், ஏலத்தொகை வெறும் கொள்முதல் விலை. இங்கே தேடுவது குட்வில்!

சரி, பட்டியலுக்கு வருவோம்.

பாட்னா பைரேட்ஸ்: யோசிக்கவே வேண்டாம், பர்தீப் நர்வால். 3, 4, 5 என்று தொடர்ந்து மூன்று சீசன் கோப்பை. ஐந்தாவது சீசனில் மட்டும் 369 ரெய்டு புள்ளிகள். அதில் ஹரியானாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 34! குனிந்து, பிடிக்க வருகிறவர்களுக்கு அடியில் புகுந்து வெளியேறும் அந்த "டுப்கி"யை இன்றைக்கு ஊர் ஊராகப் பையன்கள் செய்து பார்க்கிறார்கள்.

யு மும்பா: அனுப் குமார். முதல் மூன்று சீசனிலும் அணி இறுதிப் போட்டிக்குப் போனது, இரண்டாவது சீசனில் கோப்பை. கபடி ஆட்டக்காரர் இத்தனை நிதானமாக இருக்க முடியுமா என்று வியக்க வைத்தவர்.

ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ்: ஜெய்ப்பூர் என்றால் பலருக்கு ஓனர் அபிஷேக் பச்சன்தான் ஞாபகம் வருவார். ஆனால் ஆட்டக்காரர் என்றால் அர்ஜுன் தேஷ்வால். முதல் சீசனில் வாங்கிய கோப்பையை ஒன்பதாவது சீசனில் திரும்பக் கொண்டு வந்தவர்.

பெங்களூரு புல்ஸ்: பவன் செராவத். ஆறாவது சீசன் இறுதிப் போட்டியில் தனி ஆளாக 22 புள்ளிகள்.

பெங்கால் வாரியர்ஸ்: மணீந்தர் சிங். ஏழாவது சீசனில் இவர்தான் கேப்டன். காயத்தால் இறுதிப் போட்டியில் ஆட முடியவில்லை, ஆனாலும் கோப்பை வந்தது. அணியை அதுவரை தூக்கிக்கொண்டு வந்தவர் இவர்தானே!

தபாங் டெல்லி: நவீன் குமார். 7, 8 இரண்டு சீசனிலும் தொடரின் சிறந்த வீரர்.

தெலுகு டைட்டன்ஸ்: ராகுல் சவுத்ரி. கோப்பை இல்லை, இறுதிப் போட்டிகூட இல்லை. ஆனாலும் முதல் ஆறு சீசன் வேறு அணிக்குப் போகாமல் நின்றார்.

புனேரி பல்டன்: அஸ்லம் இனாம்தார். பத்தாவது சீசனில் முதல் கோப்பையை வாங்கித் தந்த கேப்டன்.

குஜராத்: சுனில் குமார். வந்த முதல் இரண்டு சீசனிலும் இறுதிப் போட்டி, இரண்டிலும் தோல்வி. பர்வேஷோடு சேர்ந்து இவர் போட்ட பிடிகளை மறக்க முடியாது.

ஹரியானா ஸ்டீலர்ஸ்: ஜெய்தீப் தஹியா. பத்தாவது சீசனில் அணியை முதல் முறையாக இறுதிப் போட்டிக்குக் கொண்டு போனவர்.

யு.பி. யோத்தா: நிதேஷ் குமார். ஒரே சீசனில் 100 பிடி புள்ளிகளைத் தொட்ட முதல் டிஃபெண்டர்.

பதினொன்று ஆயிற்று. இனி தமிழ் தலைவாஸ். இங்கேதான் பேனா நின்றுவிடுகிறது.

அஜய் தாக்கூர் என்று சொல்லலாம். 2016 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஈரானைச் சாய்த்த ஹீரோ, தலைவாஸுக்கு முதல் மூன்று சீசன் கேப்டன். ஆனால் அந்த மூன்று சீசனிலும் அணி கடைசி இடத்தில்தான் கிடந்தது. ஒன்பதாவது சீசனில் 2.26 கோடி கொடுத்து பவனை எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுக்க வெளியே. அப்போது பெரிதாக யாரும் எதிர்பார்க்காத நரேந்தர் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்து அரையிறுதி வரை கொண்டு போனார். பத்து சீசனில் தலைவாஸ் பிளே ஆஃப் பார்த்தது அந்த ஒரே தடவைதான். எனவே இந்தப் பட்டியலில் நரேந்தர்.

தமிழ்நாட்டு அணிக்குத் தமிழ்நாட்டுக்காரர் பெயர் இல்லையே என்று கேட்கலாம். சென்னை சூப்பர் கிங்ஸுக்குத் தோனி ராஞ்சிக்காரர்தான், யாரும் குறை சொல்வதில்லை. நியாயம்தான். ஆனால் கபடி விஷயம் வேறு. இது இங்கே தெருத் தெருவாக ஆடுகிற ஆட்டம். ராஜரத்தினமும் மணத்தி கணேசனும் அர்ஜுனா விருது வாங்கிய ஊர் இது. தஞ்சைப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் நான்காவது சீசனில் கோப்பை தூக்கிய கேப்டன். ஆனால் தூக்கியது பாட்னாவுக்காக!

ஆள் இல்லாமல் இல்லை, பாதைதான் இல்லை. லீக் நடப்பது மேட்டில், ஷூ போட்டுக்கொண்டு. இங்கே பையன்கள் ஆடுவது மண்ணில், வெறுங்காலோடு. மண்ணில் காலை ஊன்றித் திரும்புவது வேறு, மேட்டில் திரும்புவது வேறு. வருஷம் முழுக்க மேட்டில் பழகியவனோடு, ஏலத்துக்கு முன் சில நாள் மட்டும் பழகியவன் எப்படி மோதுவான்? அடிபட்டால் பார்க்க ஆளும் இல்லை. 2022-இல் கடலூர் மாவட்டத்திலேயே ஒரு இளைஞர் ஆடிக்கொண்டிருக்கும்போதே களத்தில் உயிரை விட்டார். அதற்குப் பிறகும் எத்தனை ஊர்ப் போட்டிகளில் ஒரு டாக்டரையோ ஆம்புலன்ஸையோ பார்க்க முடிகிறது?

ஆனாலும் நம்பிக்கை இருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியா கபடியில் இரட்டைத் தங்கம் வாங்கியபோது, பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா, ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ் இருந்தார்கள். கோடி ரூபாய் ஏலத்தொகையில் கொஞ்சத்தை எடுத்து மாவட்டத்துக்கு நாலு மேட் வாங்கிப் போட்டால், அடுத்த பத்து சீசன் பட்டியலில் பன்னிரண்டாவது பெயரை எழுத இத்தனை யோசிக்க வேண்டியிருக்காது.