அண்ணன் விட்டுச் சென்ற கித்தார்

சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையார் இலம்பகத்தை நான் என் மாணவர்களுக்குப் பலமுறை கதையாகச் சொல்லியிருக்கின்றேன். யாழிசைப் போட்டிக்கு வந்த சீவகன், கையில் தரப்பட்ட யாழை உடனே மீட்டிவிடுவதில்லை. முதலில் அதை ஆராய்கின்றான். நீரில் நின்ற மரம், அழுகிய மரம், வெந்த மரம், இடி விழுந்த மரம் என்று ஒவ்வொன்றின் குற்றத்தையும் எடுத்துரைக்கின்றான். நரம்பின் முறுக்கைப் பிரித்து உள்ளே இருந்த மயிரையும் காட்டுகின்றான். இதைக் கேட்ட மாணவன் ஒருவன், "என்ன ஐயா, வாசிக்க வந்தவர் குறைகளை அடுக்கிக்கொண்டே இருக்கிறாரே!" என்று சிரித்தான். "கருவியை அறிதல் கலையில் பாதி, தம்பி" என்று நானும் பெருமிதத்தோடு விடையளித்தேன்.

அவ்வாறு கற்பித்த நானே, பின்னொரு நாள் ஓர் இசைக்கருவியைச் சற்றும் ஆராயாமல் வாங்கி, பிறர் உழைத்துச் சேர்த்த பணத்தை வீணாக்கினேன். அந்தப் பிழையையும், அதன் வழியாக நான் காலங்கடந்து கற்ற பாடத்தையும் கூறவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

எங்கள் குடும்பம் ஜாசினை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தது. அண்ணன் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் மரத்தடிக்குச் செல்வார். பிற்பகலில் கைகளைச் சவுக்காரமிட்டுக் கழுவியபின், லயத்து வீட்டின் முன் அமர்ந்து பேஸ் கித்தார் வாசிப்பார். 1978இல் பழைய கித்தார் ஒன்றைத் தவணை முறையில், மாதம் முப்பது வெள்ளி கட்டி வாங்கினார். கோவில் திருவிழா, திருமணம், தீபாவளிக் கலைநிகழ்ச்சி என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அவருடைய இசைக்குழு வாசிக்காத மேடை இல்லை எனலாம்.

அது கித்தார் இசை நம் நாட்டில் வேரூன்றிவிட்ட காலம். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் 'ஷேடோஸ்' குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து பாடிச் சென்றபின், அங்கும் தீபகற்பத்திலும் 'பாப் யே யே' என்னும் இசை அலை எழுந்தது. மலாய் இளைஞர்கள் 'குகிரான்' எனப்பட்ட கித்தார்க் குழுக்களை அமைத்தனர். நம்மவரும் பின்தங்கவில்லை. பினாங்கைச் சேர்ந்த லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் 'ஆலிகேட்ஸ்' குழு மலாய்ப் பாடல்களால் நாடறிந்த குழுவாயிற்று. தமிழ்த் திரையிசையில் 1976இல் 'அன்னக்கிளி' வழியாக இளையராஜா அறிமுகமானார். அவருடைய பாடல்களில் பேஸ் கித்தார் வெறும் துணையாக நில்லாமல், பாட்டின் அடியில் தானும் ஒரு பாட்டாக நடந்து சென்றது. அந்த நடையை வானொலியில் கேட்டுக் கேட்டே அண்ணன் பயின்றார்.

பேஸ் கித்தாரின் வரலாறு நீண்டதன்று. அதற்கு முன் மேலை இசையில் ஆள் உயரத்துப் பெரிய வயலின் போன்ற கருவியே அடிக்குரலைத் தாங்கி நின்றது. அதைத் தூக்கிச் செல்வதே பெரும்பாடு. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951இல் 'பிரிசிஷன் பேஸ்' என்னும் மின்கித்தாரை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதன் தண்டில் மெட்டுகள் பதிக்கப்பட்டிருந்தமையால் சுரம் துல்லியமாக விழுந்தது. துல்லியம் என்பதே அப்பெயரின் பொருள். நரம்புகள் நான்கு. மிகத் தடித்த நரம்பு நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது. நம் முன்னோர் ஓசை நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தனர். அவற்றுள் மெலிவின் ஆழத்தில் வாழும் கருவி இது.

இவற்றையெல்லாம் அன்று நான் அறியேன். அறிய விரும்பவும் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்துத் திரும்பிய இளமைச் செருக்கில், "யாழையும் குழலையும் உலகுக்குத் தந்த இனம் இந்த மின்சாரக் கட்டையைச் சுமந்து திரிய வேண்டுமா, அண்ணா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் சினக்கவில்லை. பழந்துணியால் நரம்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். "இதை எதற்கு நாள்தோறும் துடைக்கிறீர்கள்?" என்று மீண்டும் கேட்டேன். "மரம் வெட்டிய கத்தியைத் துடைக்காமல் வைப்போமா, தம்பி?" என்றார். அவ்வளவே அவர் அளித்த விடை.

1980இல் தோட்டத்துத் திருவிழா ஒன்றில், பாட்டின் நடுவே அவருடைய கித்தாரின் இணைப்புக் கம்பி கழன்றுவிட்டது. பாடகர் பாடினார், மேளம் முழங்கியது, ஆயினும் ஏதோ ஒன்று குறைந்துவிட்டது. இசை என்றால் என்னவென்றே அறியேன் என்று சொல்லும் எங்கள் தந்தையார், "என்னடா, பாட்டு கால் இல்லாமல் நிற்கிறதே!" என்றார். சிறிது நேரத்தில் கம்பி பொருந்தியது. பாட்டும் மீண்டும் எழுந்து நடந்தது. அன்று எனக்கு உண்மை புலப்பட்டது. ஆனால் அதை அண்ணனிடம் சொல்லும் பணிவு என்னிடம் இல்லை. பின்னர்ச் சொல்லலாம் என்றிருந்தேன். 1991இல் நோயுற்று அவர் மறைந்தார். கித்தார் உறையோடு தகரக் கூரையின்கீழ் இருந்த பொருளறைக்குப் போயிற்று.

ஆண்டுகள் பல கழிந்தன. 2019ஆம் ஆண்டு, என் பழைய மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். இரவுச் சந்தைக் கடையொன்றில் வேலை செய்து 450 வெள்ளி சேர்த்திருந்தான். பேஸ் கித்தார் வாங்க வேண்டும். துணைக்கு வர வேண்டும் என்றான். அண்ணனின் நினைவு உந்த, மறுக்க மனம் வரவில்லை. மலாக்காவில் ஒருவரிடமிருந்து பழைய கித்தார் ஒன்றை வாங்கினோம். அதன் செந்நிறப் பூச்சு பளபளத்தது. அந்தப் பளபளப்பையே நாங்கள் இருவரும் கண்டோம். வீட்டுக்கு வந்து வாசித்தால், பாதி மெட்டுகளில் நரம்பு 'சர்ர்' என்று இரைந்தது. மீதி மெட்டுகளில் சுரம் சேரவில்லை.

அண்ணனோடு இசைக்குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் மெர்லிமாவில் வாழ்ந்துவந்தார். அவரிடம் எடுத்துச் சென்றோம். அவர் வாசித்துப் பார்க்கவே இல்லை. துப்பாக்கியைக் குறிபார்ப்பதுபோல் தண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனையை நோக்கினார். "தண்டு முறுக்கிக்கொண்டது. இதைத் திருத்த முடியாது" என்றார். பையனின் முகம் வாடியது. எனக்கோ சீவகன் நினைவுக்கு வந்தான், தலை தாழ்ந்தேன்.

பழைய கித்தார் வாங்குவோர் காண வேண்டியவற்றை அன்று அவர் எங்களுக்கு விளக்கினார். முதலில் தண்டு. அது முன்பக்கம் வளைந்திருந்தால் பெரும்பாலும் திருத்தலாம். முறுக்கிக்கொண்டிருந்தால் விட்டுவிட வேண்டும். அடுத்து, ஒவ்வொரு நரம்பிலும் ஒவ்வொரு மெட்டையும் அழுத்தி வாசித்து இரைச்சல் உண்டா எனக் கேட்க வேண்டும். பிருடைகள் தளராமல் திரும்புகின்றனவா, இணைப்புத் துளையும் ஒலித் திருகுகளும் கரகரக்கின்றனவா எனப் பார்க்க வேண்டும். தோளில் மாட்டி நின்று எடையையும் உணர வேண்டும். பூச்சின் அழகு கடைசியாகக் காணத்தக்கது.

அன்று மாலையே பொருளறையிலிருந்து அண்ணனின் கித்தாரை இறக்கினேன். நரம்புகள் துருப்பிடித்திருந்தன, தண்டு வில்லைப்போல் முன்வளைந்திருந்தது. ஆனால் முறுக்கம் இல்லை. உறையின் பையில் அறுகோணச் சாவி ஒன்றும், விரலளவு வெட்டிய அட்டைத் துண்டு ஒன்றும் துணியில் சுற்றப்பட்டிருந்தன. அட்டையைத் திருப்பினேன். என் திருமண அழைப்பிதழின் ஒரு பகுதி; என் பெயரின் பாதி எழுத்துகள் அதில் இருந்தன. "இதை வைத்துத்தான் உங்கள் அண்ணன் தண்டின் வளைவை அளப்பார்" என்றார் பெரியவர். என்னால் சிறிது நேரம் பேச முடியவில்லை.

கித்தாரைச் செப்பனிடுவதில் வரிசை முறை உண்டு. புது நரம்புகளைப் பூட்டிச் சுருதி சேர்ப்பதே முதல் வேலை. ஏனெனில் நான்கு நரம்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையோடு தண்டை இழுக்கின்றன. அந்த இழுப்பு இருக்கும்போதுதான் தண்டின் உண்மை நிலை தெரியும். அதை எதிர்த்து நிற்கவே தண்டினுள் 'டிரஸ் ராட்' எனப்படும் எஃகுக் கம்பி உள்ளது. நரம்பை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்தினால், நடுவில் ஏழாம் எட்டாம் மெட்டருகே ஓர் அட்டை நுழையும் இடைவெளி வேண்டும். அது ஏறத்தாழ 0.3 மி.மீ. இடைவெளி மிகுதியாயின் கம்பியை வலப்புறம் இறுக்க வேண்டும்; ஒருமுறைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. மரம் மெல்லப் பணியும். நாங்கள் நாளுக்குக் கால் சுற்றாகச் சில நாள் காத்திருந்தோம்.

அதன்பின் குதிரையில் உள்ள திருகுகளால் நரம்பின் உயரத்தை அமைத்தோம். தடித்த நரம்பு கடைசி மெட்டுகளின் பக்கம் 2 முதல் 2.5 மி.மீ. உயரத்தில் நின்றால் விரலுக்கும் எளிது, இரைச்சலும் எழாது. இறுதியாகச் சுரத் துல்லியம். பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர்மேலே நரம்பை மெல்லத் தொட்டு எழுப்பும் ஓசையும், அதே மெட்டை அழுத்தி எழுப்பும் ஓசையும் ஒன்றாதல் வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் குதிரையைப் பின்னுக்கு நகர்த்தி நரம்பை நீட்ட வேண்டும். இறங்கியிருந்தால் முன்னுக்கு நகர்த்த வேண்டும். தண்டு, உயரம், துல்லியம் என்ற இவ்வரிசையை மாற்றினால் செய்த வேலையை மீண்டும் செய்ய நேரும். ஒன்றைத் திருத்தினால் அடுத்தது மாறும்.

பேணும் முறையும் எளிதே. கைகழுவி வாசித்தல்; வாசித்தபின் துடைத்தல்; வெயிலில் நிற்கும் வண்டியினுள் வைக்காமை; சுவரில் சாய்க்காமல் தாங்கியில் நிறுத்தல்; நம் நாட்டின் ஈரக் காற்றுக்கு அஞ்சி, உறையினுள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இடுதல். நரம்பை எப்போது மாற்றுவது என்பதில் மட்டும் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தாலன்றி நரம்பை மாற்றாதவர் என்று புகழ்பெற்றவர். அவர் விரும்பிய மங்கிய ஓசை பழைய நரம்பில்தான் கிடைத்தது. பளிச்சென்ற ஓசையை விரும்புவோர் அடிக்கடி மாற்றுவர். விதியை அறிந்தபின் விலக்கையும் அறிதல் நன்று.

செப்பனிட்ட கித்தாரை அந்த மாணவனிடமே கொடுத்துவிட்டேன். அவன் இழந்த பணத்துக்கு ஈடாக அன்று. பூட்டி வைத்தால் கருவி இறக்கும் என்பதனால். இன்றும் சில மாதங்களுக்கு ஒருமுறை அவன் வீட்டுக்கு வருகிறான். நாங்கள் இருவரும் அந்த அட்டைத் துண்டை மெட்டின்மேல் வைத்து அளக்கின்றோம். பின் அவன் வாசிக்கின்றான். அண்ணனிடம் சொல்லாமல் விட்ட சொல்லை, அவருடைய கருவியைப் பேணுவதால் சொல்லிவருவதாக நான் எண்ணிக்கொள்கிறேன். மாணவச் செல்வங்களே, பாராட்ட வேண்டியவர்களை அவர்கள் கேட்கும் காலத்திலேயே பாராட்டிவிடுங்கள். அதற்குப்பின் நம்மிடம் எஞ்சுவது துடைக்க வேண்டிய நரம்புகள் மட்டுமே.