வலியசாலையும் ஒரு தேடற்பெட்டியும்

திருவனந்தபுரத்தின் வலியசாலை, இராசராச சோழனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் காந்தளூர்ச் சாலையோடு ஆய்வாளர் பலரால் இணைத்துப் பேசப்படும் பகுதியாகும். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் பார்த்திபசேகரபுரத்தில் 95 மாணவர்க்கென நிறுவிய சாலைக்கும் காந்தளூரே முன்மாதிரி என்று செப்பேடு கூறுகிறது. ஆயினும் வலியசாலைத் தமிழ்க் குடும்பத்து மாணவர் ஒருவர் ‘சாலை’ என்று உலாவியில் தட்டினால், பொதுத் தேடுபொறி பெரும்பாலும் போக்குவரத்துச் செய்திகளையே முன்வைக்கும். கல்விக்கூடம், அறச்சாலை என்னும் பழைய பொருள்களுக்கு அவர் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைத்தான் நாடவேண்டும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அவ்வகராதிக்கு 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்த எஸ். வையாபுரிப் பிள்ளை, அதற்குமுன் திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராக இருந்தவர். இன்று அது சிகாகோ பல்கலைக்கழகத்தின் மின்னகராதித் தொகுப்பில் எவருக்கும் கிடைக்கிறது.

அந்த அகராதியை உலாவியின் தேடற்பெட்டிக்குள்ளேயே கொண்டுவந்து வைப்பதுதான் தேடல் செருகுநிரல். அமேசானைச் சேர்ந்த ஏ9 நிறுவனம் 2005இல் வகுத்த ‘ஓப்பன்சர்ச்’ முறையை மறு ஆண்டே பயர்பாக்ஸ் 2 ஏற்றுக்கொண்டது. இம்முறையில் செருகுநிரல் என்பது நிரல்கூட அன்று. பெயர், விளக்கம், சிறு படம், முகவரி ஆகியவற்றை எக்ஸ்எம்எல் வடிவில் சொல்லும் சில வரிக் கோப்பு மட்டுமே. அகராதித் தளத்தில் ஒரு சொல்லைத் தேடிப் பார்த்து, விடைப்பக்கத்தின் முகவரியில் அச்சொல் நிற்கும் இடத்தை அடையாளங்கண்டு, அங்கே நெளிவு அடைப்புக்குள் ‘சர்ச்டெர்ம்ஸ்’ என்ற குறியை இட்டுவிட்டால், பயனர் தட்டும் எச்சொல்லையும் உலாவி அவ்விடத்தில் நிரப்பி அனுப்பும். தேடுசொல்லை முகவரியில் காட்டாமல் உள்ளே அனுப்பும் தளங்களுக்கு இவ்வெளிய வழி பயன்படாது.

தமிழில் இக்கோப்பை எழுதுவோர் எண்ணிக்கையில் கவனம் வைக்கவேண்டும். செருகுநிரலின் குறும்பெயர் 16 குறிகளைத் தாண்டக்கூடாது என்பது விதி. ‘தமிழ்ப் பேரகராதி’ என்பதில் தமிழ்க் கணக்குப்படி ஒன்பது எழுத்துகளே உள்ளன. ஆனால் யூனிகோடு முறை உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதால், இடைவெளியையும் சேர்த்து அது சரியாகப் பதினாறில் வந்து நிற்கிறது. அதேபோல, ஈரெழுத்துச் சொல்லான ‘சாலை’ நான்கு குறியீடுகளாகி, யுடிஎஃப்-8 முறையில் குறியீட்டுக்கு மூன்று பைட்டுகள் வீதம் பன்னிரண்டாகி, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு எழுதப்படுவதால் முகவரிக்குள் 36 குறிகளாக நீள்கிறது. இந்நீட்சி திகைப்பூட்டலாம், ஆனால் தமிழ் சிதையாமல் சென்று சேர்வதற்கு இதுவே காப்பு. யூனிகோடு பரவுமுன் டிஸ்கி, டேப் முதலிய குறியேற்றங்களில் எழுதப்பட்டு இன்னும் மாற்றப்படாதிருக்கும் பக்கங்களை இச்செருகுநிரலாலும் எட்டமுடியாது என்பது உண்மையிலேயே வருந்தத்தக்கது.

சந்தியும் தேடுவோரைச் சோதிக்கும். ‘காந்தளூர்ச்சாலை’ என்று சேர்த்து எழுதுவதும் பிரித்து எழுதுவதும் கணினிக்கு வெவ்வேறு சரங்கள் என்பதால், அகராதியில் ‘சாலை’ என்ற தலைச்சொல்லையே தட்டவேண்டும். அச்சொல் நூல்களில் ஆளப்பட்ட இடங்களைக் காணத் தமிழ் விக்கிமூலத்தையும் அதே பெட்டியில் சேர்த்துக்கொள்ளலாம். விக்கித் தளங்கள் தம் ஓப்பன்சர்ச் கோப்பைத் தாமே வழங்குவதால் அதற்கெனக் கோப்பு எழுதவேண்டியதில்லை.