செவிகளைத் திறக்கும் இசை

புதுமைக் கலை யாவும் மேட்டுக்குடியினரின் பொழுதுபோக்கு எனக் கூறி ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின், விளங்காத ஒன்றை மக்களுக்குப் புறம்பானது எனத் தீர்ப்பளிக்குமுன், அது ஏன் விளங்கவில்லை என்று கேட்பதே முற்போக்காளர் கடன். பின்லாந்தின் இசையமைப்பாளர் மக்னுஸ் லிண்ட்பேர்க் வாத்தியக் குழுவுக்கென ஆக்கிய ‘கிராஃப்ட்’ என்னும் படைப்பு இவ்வினாவையே நம்முன் வைக்கின்றது.

1958ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியிற் பிறந்த லிண்ட்பேர்க், மாணவப் பருவத்திலேயே கய்யா சாரியாஹோ, எஸா-பெக்கா சலோனன் முதலிய தோழர்களுடன் ‘கொர்வத் அவ்கி’ என்னும் சங்கத்தில் இயங்கியவர். 1977இல் தோன்றிய அச்சங்கத்தின் பெயருக்குச் ‘செவிகளைத் திற’ என்பது பொருள். சிபேலியஸின் பெருநிழல் கவிந்திருந்த நாட்டிலே புதிய இசையும் ஒலிக்க வேண்டும் என்பது அவ்விளைஞரின் கோரிக்கை.

‘கிராஃப்ட்’ என்றால் ஆற்றல். 1985இல் ஹெல்சிங்கியில், சலோனன் நெறிப்படுத்த, அது அரங்கேறியது. பேர்லினில் இரும்பையும் இயந்திரத்தையும் அடித்து இசைத்த குழுக்களின் முரட்டொலி லிண்ட்பேர்க்கைக் கவர்ந்திருந்தது. எனவே கிளாரினெட்டும் செல்லோவும் வீற்றிருந்த சபைக்குப் பழைய இரும்பும் வந்து சேர்ந்தது. வேற்றூர்களில் இசைக்கும்போது, அவ்வவ்வூரிற் கழித்தெறியப்பட்ட உலோகங்களையே தேடியெடுக்கின்றனர். வாத்தியக்காரர் மேடையை விட்டிறங்கிச் சபையோர் நடுவே நடமாடுகின்றனர்.

இதன் ஒலிப்பதிவை நாம் கேட்டுக்கொண்டிருந்தபோது, உடனிருந்த முதிய ஆசிரியர் ஒருவர், “தம்பி, இது இசையோ, பட்டறையோ?” என்று வினவினார். “பட்டறைதான் ஐயா, பட்டறையின் ஒலி சபையேறக் கூடாதோ?” என்றோம். அவர் விடையிறுக்கவில்லை, எனினும் எழுந்து போகவுமில்லை. பேரோசை அடங்கியபின் உலோகத்தின் அதிர்வு மெல்லத் தேய்ந்து செல்வதை அவரும் கூர்ந்து கேட்டார்.

இரும்பு சபையேறியதனால் மட்டும் ஒரு கலை மக்கள் கலையாகிவிடாது. இரும்படிப்பவனும் அச்சபையில் அமர வேண்டும். கேட்கப் பயின்றிருக்கவும் வேண்டும். பின்லாந்திலே 1960களின் இறுதியில், இசைப்பள்ளிகளுக்கு அரச உதவி சட்டத்தால் உறுதிசெய்யப்பட்டது. தலைநகருக்கு வெளியேயும் பிள்ளைகள் வாத்தியம் பயில அது வழிசெய்தது. அந்நாட்டின் புதிய இசைக்குக் கலைஞரும் கேட்போரும் கிடைத்தமை தற்செயலன்று.

2002இல் லிண்ட்பேர்க் எழுதிய கிளாரினெட் கொன்சேர்ட்டோ இனிமையும் கனிவும் மிக்கது. அதனைக் கொண்டு ‘கிராஃப்டை’ இளமையின் ஆரவாரம் எனத் தள்ளுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. எளிமையாகப் படைக்குமாறு கலைஞனைக் கேட்குமுன், கேட்கும் பயிற்சியை எல்லார்க்கும் பொதுவாக்குமாறு சமுதாயத்தைக் கேட்போம்.