துஞ்சுதலும் துயிலெழுதலும்

ஆதம் (அலை) அவர்களுக்கு இறைவன் பொருள்களின் பெயர்கள் யாவற்றையும் கற்பித்தான் எனத் திருக்குர்ஆன் அறிவிக்கின்றது. பெயரறிதலே அறிவின் வாயில் என்பது இதனாற் பெறப்படும்.

'துஞ்சுதல்' என்னும் தமிழ்ச்சொல் உறங்குதலையும் இறத்தலையும் ஒருங்கே குறிக்கும். நன்மாறன் என்ற பெயரில் பாண்டியர் இருவர் இருந்தமையால், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என மறைந்த இடத்தால் அவர்களை வேறுபடுத்தினர் முன்னோர்.

இவ்வேறுபாட்டின் அருமையை, கணிப்பொறித்துறை மாணவர் ஒருவர் கலைச்சொல் வேண்டி நம்மை நாடியபோது மீண்டும் உணர்ந்தோம். மின்சாரத்தைச் சேமிக்கக் கணிப்பொறி மேற்கொள்ளும் நிலைகள் அனைத்திற்கும் 'உறக்கம்' என்றே அவர் எழுதியிருந்தார். ஆயின் அவை ஒன்றல்ல. 'சஸ்பெண்ட்' நிலையில் நினைவகம் மட்டும் மின்சாரம் பெற, ஏனைய உறுப்புகள் ஓய்கின்றன. 'ஹைபர்நேட்' நிலையிலோ நினைவகத்தின் படி வட்டில் எழுதப்பெற்றபின் மின்சாரமே நிறுத்தப்படுகிறது.

லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவாகிய கர்னலிலும் இதே சிக்கல் இருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் உரிய நிரலில் நிறுத்துவதற்கு ஒரு செயற்கூறும் எழுப்புவதற்கு ஒரு செயற்கூறுமே இருந்தன. எவ்வகை நிறுத்தம் என்பதை உடன்வரும் குறிப்பைக் கொண்டே நிரல் அறிய வேண்டும். குறிப்பை நோக்காத நிரல், படியெடுக்கும் வரை அசையாதிருக்க வேண்டிய வட்டின் சுழற்சியையே நிறுத்திவிடும். அப்படியை எழுத அதே வட்டை மீண்டும் சுழற்ற நேரும்.

போலந்து நாட்டவரான ரஃபேல் விசோத்ஸ்கி 2008ஆம் ஆண்டில் இதற்குத் தீர்வு கண்டார். ஆயத்தம், நிறுத்தம், எழுப்புதல், உறைதல், இளகுதல், மின்துண்டிப்பு, மீட்டல், நிறைவு எனப் பணிதோறும் தனிப்பெயர் வகுத்து, அனைத்தையும் ஒரே கட்டமைப்பில் தொகுத்தார். கணிப்பொறி இயங்கும்போதே வேலையற்ற கருவியை மட்டும் ஓயச் செய்யும் முறை 2009இல் சேர்ந்தது.

பணிக்கொரு குறி என்பது நம் கடற்கரைக்குப் புதிதன்று. வைப்பாறு மன்னார் வளைகுடாவிற் கலக்கும் கீழவைப்பார் நம் ஊர். அயலூரின் பெயரே சிப்பிகுளம். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. அந்நாளில் குளிப்பவர் கல்லில் கால் பதித்து ஆழம் சேர்வார். கல்லை மேலேற்ற ஒரு கயிறு. சிப்பிக்கூடையையும் அவரையும் மேலேற்ற மற்றொரு கயிறு. மூச்சடக்கி நிற்பவர் உறங்கியவரும் அல்லர், இறந்தவரும் அல்லர். தோணியில் நிற்பவர் கயிற்றின் அசைவை உணரத் தவறினால் உயிரே போகும். அதனாற்றான் இரு பணிக்கு இரு கயிறு.

கலைச்சொல்லாக்கத்திற்கும் இதுவே நெறி. நினைவகம் விழித்திருக்கும் நிலையைத் 'துயில்' என்போம். வட்டில் எழுதி அணைவதை 'ஆழ்துயில்' என்போம். படியெடுக்க அசைவற்றிருப்பதை 'உறைவு' என்போம். வேலையற்ற கருவியின் நிலையை 'ஓய்வு' என்போம். இவற்றினும் சிறந்த சொற்கள் கிடைப்பின் மகிழ்ந்து ஏற்போம். ஒரு சொல்லையே நான்கு பொருளுக்கும் வழங்கினால், தமிழில் பயிலும் மாணவர் பொருளைவிட்டுச் சொல்லையே மனனம் செய்வர். இளமைக்கு ஒன்பது பெயர் வகுத்த தொல்காப்பிய மரபில் வந்த நாம், உறக்கத்திற்கு நான்கு பெயர் வகுத்தல் அரிதோ? மாணவமணிகள் இப்பணியில் நம்மோடு தோள்கொடுக்க முன்வருவார்களாக!